கடல் கடந்த குரல்

கடிதம் எழுதியவனுடைய கையெழுத்தைக் கொண்டுவரும்; தந்தி அவன் சொல்லக் கருதிய பொருளைக் கொண்டுவரும். ஆனால் அவன் மகிழ்ந்திருக்கின்றானா, துயருற்றிருக்கின்றானா, நோயுற்றிருந்தும் நலமென்று எழுதுகின்றானா என்பதை உணர்த்துவது குரல் ஒன்றே. பிறநாட்டில் வாழும் மகன் பத்து வரி எழுதியும் மனம் ஆறாத தாய், தொலைபேசியிலே அவன் 'அம்மா' என்று அழைத்த மாத்திரத்தில் உண்மையை உணர்ந்துகொள்கின்றாள். இருமலை மறைக்கலாம், ஏக்கத்தை மறைத்தல் அரிது.

இன்று கையடக்கத் தொலைபேசியின் துணைகொண்டு எந்த நாட்டவருடனும் எந்நேரத்திலும் உரையாட முடிகின்றது. எளிதிற் கிட்டும் பொருளின் அருமை எளிதில் மறக்கப்படுவதும் இயல்பே. ஒரு நாட்டிலிருந்து கடலுக்கு அப்பாலுள்ள மற்றொரு நாட்டுக்குக் குரலை அனுப்புவதற்கு மனிதர் எத்துணை முயன்றனர் என்பதை அறிவதற்கு, அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளும் இணைக்கப்பட்ட வரலாறு மிகப் பொருத்தமான சான்றாகும்.

அச்சமுத்திரத்தை முதலிற் கடந்தது குரலன்று, தந்தியே. 1858 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் இணைத்து முதல் தந்தி வடம் கடலடியில் இடப்பட்டது. விக்ரோரியா மகாராணியார் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு விடுத்த 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி அதன் வழியே சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் சென்றது. சில வாரங்களுள் அந்த வடமும் பழுதுற்று வாய் மூடிக்கொண்டது. பின்னர் 1866 இல் 'கிரேற் ஈஸ்ரேண்' என்னும் பெருங்கப்பல் இட்ட வடமே நிலைத்து நின்று பயன் தந்தது.

அலெக்சாந்தர் கிரஹாம் பெல் 1876 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, பொஸ்டன் நகரத்து வீடொன்றில், அடுத்த அறையிலிருந்த தமது உதவியாளர் தொமஸ் வாட்சனைத் தொலைபேசி மூலம் அழைத்தார். ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் சென்ற குரல் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குச் செல்ல நெடுங்காலம் ஆகவில்லை. 1891 இல் இலண்டனும் பாரிஸும் தொலைபேசியால் இணைக்கப்பட்டன. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடல் ஒடுக்கமானது. ஆகவே அதனடியில் இட்ட வடத்தின் வழியாகக் குரல் மங்காமற் சென்றது. 1915 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நியூ யோர்க்கிலிருந்த பெல், கண்டத்தின் மறு கோடியாகிய சான் பிரான்சிஸ்கோவிலிருந்த அதே வாட்சனுடன் உரையாடினார். நிலத்தின் மேற் செல்லும் கம்பியிலே, இடையிடையே குரலுக்கு வலுவூட்டும் கருவிகளை அமைக்க முடிந்தமையாலேயே அது கைகூடிற்று.

சமுத்திரத்தின் நடுவே அத்தகைய கருவியை யார், எங்ஙனம் அமைப்பது? தந்திக்கு வேண்டியது நின்று நின்று வரும் மின்துடிப்பு மட்டுமே. குரலோ நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் அலைகளையுடையது. நீண்ட கடலடி வடத்திலே அவ்வலைகள் சிறிது தூரம் செல்லுமுன்னரே தேய்ந்து மறைந்துவிடும். ஆகவே தந்தி வடம் வெற்றி பெற்று அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அத்திலாந்திக்கின் அடியிலே மனிதக் குரல் செல்லவில்லை.

நீரின் கீழ்ச் செல்ல இயலாத குரல் வானின் வழியே சென்றது. 1927 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆந் திகதி நியூ யோர்க்குக்கும் இலண்டனுக்கும் இடையே வானொலி அலைகள் மூலமான தொலைபேசிச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இங்கிலாந்திலே றக்பி என்னுமிடத்திலிருந்தும், அமெரிக்காவிலே லோங் தீவிலுள்ள றொக்கி பொயின்ற் என்னுமிடத்திலிருந்தும் ஏறத்தாழ 5000 மீற்றர் நீளமுள்ள அலைகளிலே குரல் அனுப்பப்பட்டது. அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனியின் தலைவர் வால்ரர் கிபேட்டும், பிரித்தானிய அஞ்சற்றிணைக்களத்தின் செயலாளர் சேர் ஈவ்லின் மறேயும் முதலில் உரையாடினர்.

அக்காலத்து அழைப்பு இக்காலத்து அழைப்பைப் போன்றதன்று. ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே வழியிருந்தது. இரு கரைகளுக்கும் ஒரே அலையே பயன்பட்டமையால், ஒருவர் பேசும்போது மற்றவர் குரல் செல்லாதவாறு ஒரு பொறி தானாகவே வழியை அடைத்துவிடும். இருவரும் ஒருங்கே பேசுதல் இயலாது. ஒருவர் முடித்த பின்னரே மற்றவர் தொடங்கலாம். இடி மின்னலும் வானத்து மின்குழப்பங்களும் குறுக்கிட்டு இரைச்சலை விளைக்கும். தக்க வானொலிப் பெட்டியுடைய எவரும் ஒட்டுக் கேட்கவுங் கூடுமாதலின், பிற்பாடு குரலைச் சிதைத்து அனுப்பி மறு கரையிற் சீர்ப்படுத்தும் முறையும் வேண்டியதாயிற்று.

கட்டணமோ மூன்று நிமிடத்துக்கு 15 பவுண், அமெரிக்க நாணயத்தில் 75 டொலர். இங்கிலாந்தில் ஒரு சாதாரணத் தொழிலாளி ஒரு மாதத்துக்கு மேல் உழைத்தாலன்றி அத்தொகையைக் காண முடியாது. அமெரிக்காவிலே ஃபோர்ட் கம்பனியின் மலிவான மோட்டார்க் காரொன்று அப்பொழுது 400 டொலருக்குக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அவ்வாறான ஐந்து அழைப்புக்களின் செலவில் ஏறத்தாழ ஒரு காரையே வாங்கிவிடலாம். ஆகவே அச்சேவையை நாடியோர் வங்கியாளரும் பெருவணிகரும் பத்திரிகை நிலையத்தாருமே. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஏழைக் குடியானவன் அயர்லாந்திலிருந்த தன் தாயின் குரலைக் கேட்பதற்கு அஃது உதவவில்லை. பின்னர் குற்றலைகள் பயன்பட்டமையால் வழிகள் பெருகின. கட்டணமும் படிப்படியாகக் குறைந்து, இரண்டாவது உலகப் போரின் பின்னர் மூன்று நிமிடத்துக்கு 12 டொலராயிற்று. எனினும் சூரியனிலே எழும் கொந்தளிப்புக்கள் குற்றலைகளைக் குலைக்குந் தோறும் இரு கண்டங்களுக்கும் இடையே பேச்சு அற்றுப் போதல் வழக்கமாயிருந்தது.

இக்குறையைப் போக்கியது 1956 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட முதலாவது அத்திலாந்திக் தொலைபேசி வடமாகும். ஸ்கொத்லாந்திலே ஓபன் என்னும் ஊரின் அண்மையிலிருந்து நியூபவுண்ட்லாந்திலுள்ள கிளாரன்வில் வரை, 'மொனாக்' என்னும் பிரித்தானியக் கப்பல் இரண்டு வடங்களை இட்டது. ஒன்று 1955 ஆம் ஆண்டுக் கோடையிலும் மற்றது 1956 ஆம் ஆண்டுக் கோடையிலும் இடப்பட்டன. மேற்கு நோக்கிச் செல்லும் குரலுக்கு ஒன்று, கிழக்கு நோக்கி வரும் குரலுக்கு மற்றொன்று என்பது ஏற்பாடு. ஒவ்வொரு வடத்திலும் ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்கு ஒன்றாக 51 வலுவூட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன.

அக்கருவி ஒவ்வொன்றினுள்ளும் மூன்று வால்வுகள் இருந்தன. வீட்டு வானொலிப் பெட்டியின் வால்வு பழுதுற்றாற் கடைக்குச் சென்று வேறொன்று வாங்கி மாட்டலாம். கடலின் அடியிலே, சில இடங்களில் மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலே கிடக்கும் வால்வை மாற்றுவது எங்ஙனம்? வடத்தைக் கப்பலுக்கு இழுத்தெடுக்க வேண்டும். நாட்கணக்காகப் பேச்சு நின்றுபோகும். ஆகவே இருபது ஆண்டுகள் பழுதுறாமல் உழைக்க வேண்டுமென்ற குறிக்கோளுடன் அவ்வால்வுகள் உருவாக்கப்பட்டு, ஆண்டுக்கணக்காகச் சோதிக்கப்பட்ட பின்னரே கடலுக்கு அனுப்பப்பட்டன. இரு வடங்களிலுமாக 306 வால்வுகள். 1978 இல் அந்த வடம் ஓய்வு பெறும் வரையில் அவை தம் கடமையைச் செய்தன. ஆரவாரமின்றித் தொழிற்சாலையிலே அமர்ந்து ஒவ்வோர் உறுப்பையும் பொறுமையுடன் பரிசோதித்த தொழிலாளரின் நேர்மையே, கண்டங்களைப் பேச வைத்த நேர்மை.

1956 ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 ஆந் திகதி அவ்வடம் திறக்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில் இலண்டனுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்குமிடையே 588 அழைப்புக்களும், இலண்டனுக்கும் கனடாவுக்குமிடையே 119 அழைப்புக்களும் நிகழ்ந்தன. குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவது போலத் தெளிவாயிருந்தது.

அத்தெளிவு வணிகருக்கு மட்டும் உதவியதன்று என்பதை விளக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. போல் றொப்சன் என்னும் அமெரிக்க நீக்ரோப் பாடகர் உலகப் புகழ் வாய்ந்தவர். தம் இனத்தவரின் உரிமைக்காகவும் தொழிலாளருக்காகவும் அஞ்சாது குரல் கொடுத்தவர். சோவியத் நாட்டின்பால் அவர் காட்டிய பரிவும் அமெரிக்க அரசாங்கத்துக்கு உவப்பாயில்லை. 1950 இல் அரசாங்கம் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டது. அதனால் அவர் கடல் கடந்து செல்ல இயலாதவரானார். உள்நாட்டிலும் மேடைகள் அவருக்கு அடைக்கப்பட்டன.

1957 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆந் திகதி இலண்டனிலே சென் பங்கிராஸ் நகர மண்டபத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினர். மேடையிலே பாடகர் இல்லை. ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. நியூ யோர்க்கிலிருந்து றொப்சன் பாடினார். புதிய கடலடி வடத்தின் வழியே அவருடைய ஆழ்ந்த குரல் வந்து மண்டபத்தை நிறைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் போத்கோல் என்னும் கடற்கரை நகரில் நடத்திய கலைவிழாவிலும் அவர் அவ்வாறே பாடினார். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கேட்டனர். கேட்டதோடு நில்லாமல் அவர்களும் அவருக்காகப் பாடினர். அப்பாடலும் கடலின் அடியாற் சென்று அவர் செவியிற் சேர்ந்தது. 1958 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பின் பயனாக அவருக்குக் கடவுச்சீட்டு மீண்டுங் கிடைத்தது. அவ்வாண்டே அவர் வேல்ஸ் சென்று அம்மக்களை நேரிற் கண்டார்.

ஆளைத் தடுக்க ஓர் அரசாங்கத்தால் இயன்றது. கட்டணஞ் செலுத்திப் பதிவு செய்த ஓர் அழைப்பைத் தடுக்க இயலவில்லை. அதிகாரம் எல்லைகளிலே காவல் வைக்கலாம். குரலுக்கு எல்லைக்காவல் வைத்தல் அத்துணை எளிதன்று.

அந்நாள்வரை வெளிநாட்டு அழைப்பு என்பது இயக்குநரின் துணையின்றி நிகழாதது. அழைக்க விரும்புவோர் முன்னரே பதிவு செய்தல் வேண்டும். இயக்குநர் ஒரு நகரத்தின் பின் ஒரு நகரமாக இணைப்பைத் தேடிக் காத்திருந்து, வழி திறந்ததும் அழைப்பார். 1963 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் வாசிகள் பாரிஸ் நகரத்தவரைத் தாமே இலக்கஞ் சுழற்றி அழைக்கும் வசதி தொடங்கியது. 1970 இல் நியூ யோர்க்கிலிருந்து இலண்டனுக்கும் அவ்வாறு அழைக்க முடிந்தது.

இதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான இலக்க ஒழுங்கு ஒன்று வேண்டியிருந்தது. 1865 இல் பாரிஸ் நகரிலே தந்திக்காகத் தொடங்கப்பட்ட அனைத்துலக ஒன்றியத்தின் வழிவந்த அமைப்பு, 1964 இல் நாடுகளுக்குரிய இலக்கங்களை வகுத்தது. வட அமெரிக்காவுக்கு 1. ஆபிரிக்காவுக்கு 2 இல் தொடங்குவன. ஐரோப்பாவுக்கு 3, 4 ஆகியவற்றில் தொடங்குவன. ஆசியாவின் தென், மேற்குப் பகுதிகளுக்கு 9 இல் தொடங்குவன. இந்தியாவுக்கு 91, பாகிஸ்தானுக்கு 92, இலங்கைக்கு 94 என்பன அவ்வாறு வந்தவையே. இலண்டனிலிருந்து கொழும்பை அழைப்பவர் முதலில் வெளிநாட்டுக்குரிய 00, அடுத்து 94, அதன்பின் கொழும்பின் இலக்கமாகிய 011 இல் முதற் சுழியத்தை நீக்கி 11 எனச் சேர்த்தல் வேண்டும். அச்சுழியம் உள்நாட்டு அழைப்புக்கே உரியது. அதனை நீக்காது விடுவதாலேயே பல அழைப்புக்கள் வீணாகின்றன. நேர வேறுபாட்டையும் மறத்தலாகாது. மாரி காலத்தில் ரொறன்ரோ நகரம் இலங்கைக்கு 10½ மணி நேரம் பின்தங்கியது. கோடையில் 9½ மணி நேரம். அங்கு மாலைத் தேநீர் வேளை, இங்கு விடியற்சாமம்.

வடத்தோடு செய்மதியும் வந்து சேர்ந்தது. பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945 இலேயே கட்டுரை எழுதிய ஆத்தர் சி. கிளார்க், 1956 தொடக்கம் 2008 இல் மறையும் வரை இலங்கையையே தம் இல்லமாக்கிக்கொண்டவர் என்பது இந்நாட்டவர் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. 1965 ஏப்ரல் 6 ஆந் திகதி ஏவப்பட்ட 'ஏர்லி பேர்ட்' என்னும் செய்மதி 240 தொலைபேசி வழிகளைத் தந்தது. ஆயினும் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரஞ் சென்று திரும்பக் குரலுக்குக் கால் நொடி வேண்டும். மறுமொழி வரும்போது அரை நொடி கழிந்துவிடும். அந்தச் சிறு மௌனத்தைக் கேட்டவர் தயக்கமென்று பிழையாகப் பொருள் கொள்வதும் இருவர் பேச்சும் மோதிக்கொள்வதும் உண்டு. 1988 டிசெம்பரில் கண்ணாடி இழையினால் ஆன முதல் அத்திலாந்திக் வடம் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 40,000 உரையாடல்கள் அதன் வழியே செல்ல முடிந்தது. இன்று கண்டங்களுக்கிடையே செல்லும் பேச்சிலும் படத்திலும் மிகப் பெரும் பகுதி அத்தகைய வடங்களினூடாகவே செல்கின்றது. இணையத்தின் மூலம் பேசும் முறை பரவியபின் நிமிடக் கணக்கும் பெரும்பாலும் ஒழிந்தது. 2003 இல் தோன்றி அம்முறையைப் பரப்பிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. அதன் இடத்தை வேறு சேவைகள் பிடித்துக்கொண்டன.

குரல் வானத்திலே மிதந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது கடலடியிற் கிடக்கும் மெல்லிய வடத்தை நம்பியே இருக்கின்றது என்பதை 2022 ஆம் ஆண்டு உலகம் கண்டது. பசிபிக் சமுத்திரத்திலே ரொங்கா என்னும் தீவு நாட்டில் ஏறத்தாழ 1 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் குடியேறிய ரொங்கர் பெருந்தொகையினர். அவ்வாண்டு ஜனவரி 15 ஆந் திகதி கடலடி எரிமலை வெடித்துப் பேரலை எழுந்தது. அந்நாட்டைப் பீஜித் தீவுடன் இணைத்த ஒரே வெளிநாட்டு வடம் அறுந்தது. உறவினர் உயிருடன் உள்ளனரா என்பதை அறியாமல் வெளிநாடுகளில் இருந்தோர் நாட்கணக்காகத் தவித்தனர். சில தினங்களின் பின் செய்மதி வழியே மட்டுப்பட்ட அழைப்புக்கள் சென்றன. வடம் சீர்செய்யப்பட்டது பெப்ரவரி 22 ஆந் திகதியே. ஒரு நாடு ஒரே இழையை நம்பியிருத்தல் ஆகாது என்பது அதனாற் பெற்ற பாடம். இலங்கையும் தீவே, எனினும் இங்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடங்கள் கரை சேர்கின்றன. அவற்றைப் பேணுதல் துறைமுகத்தையும் பெருந்தெருவையும் பேணுதலை ஒத்த கடமையாகும்.

வழி பெருகியபோது வஞ்சகமும் பெருகிற்று. அறியாத நாட்டு இலக்கத்திலிருந்து ஒரு முறை மணியடித்து நின்றுவிடும் அழைப்புக்கு மறு அழைப்பு எடுப்போர், மிகுந்த கட்டணத்துக்கு ஆளாகின்றனர். அதனினும் கொடியது வேறொன்று. ஒருவருடைய குரலின் சிறு பகுதியைக் கொண்டே அக்குரலிற் பிறிதொன்றைப் பேச வைக்கும் ஆற்றலை இன்று கணினி பெற்றுவிட்டது. 'விபத்திற் சிக்கிவிட்டேன், உடனே பணம் அனுப்புங்கள்' என்று மகனின் குரலே கெஞ்சினும், பேசுபவன் மகனாகாமல் இருக்கலாம். தாயின் செவியை ஏமாற்ற இயலாது என்ற நம்பிக்கை இனிப் போதாது. அத்தகைய அழைப்பு வரின் பதறாமல் அதனைத் துண்டித்து, முன்னரே அறிந்த இலக்கத்துக்குத் தாமே அழைத்துப் பார்த்தல் வேண்டும். வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சொல்லை முன்னதாகவே வகுத்து வைத்துக்கொள்ளுதலும் நன்று.

மூன்று நிமிடத்துக்கு 75 டொலர் கொடுத்த காலத்திலே, பேச வேண்டியவற்றை மக்கள் முன்கூட்டியே எண்ணி ஒழுங்குபடுத்திக்கொண்டனர். நிமிடத்துக்கு விலையில்லாத இக்காலத்திலே, அந்நிய நாட்டிலிருந்து அழைக்கும் பிள்ளை ஒரு கையால் வேறு தொழில் செய்துகொண்டே, 'சரி, சரி' என்று மறுமொழி கூறுவதும் உண்டு. வடமும் செய்மதியும் தூரத்தை வென்றன. கவனமின்மையை வெல்லுதல் பேசுவோரின் கையிலே உள்ளது. பதினாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பேசும் மகன், ஊரிலே இருக்கும் தந்தையின் நேரத்தைக் கணக்கிட்டு, மருந்து உண்டனரா, கிணற்றிலே நீர் உண்டா, பக்கத்து வீட்டார் நலமா என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும் வரை பொறுமையுடன் செவிசாய்ப்பானாயின், அதுவே கடலடியில் வடம் இட்டோர் பட்ட பாட்டுக்குத் தக்க கைம்மாறாகும்.